ஹார்மோனுக்கு யார் பால் குறித்தார்கள்?

1

உடம்பு இயற்கை, சமூகத்துக்குத்தான் வரலாறு உண்டு என்கிற நம்பிக்கை நமது முற்போக்கு வட்டாரங்களில்கூட ரொம்ப நாளாக இருந்து வருகிறது. சாதி கட்டமைக்கப்பட்டது என்றால் ஒத்துக்கொள்வோம். தேசம் ஒரு கற்பிதம் என்றாலும் தலையாட்டுவோம். ஆண்/பெண் என்று பேச்சு வரும்போது மட்டும், 'என்ன இருந்தாலும் ஹார்மோன்னு ஒண்ணு இருக்குல்ல தோழர்' என்று விவாதத்துக்கு முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறோம். பையன் சண்டைக்குப் போனால் ஹார்மோன். பெண் கோபப்பட்டால் ஹார்மோன். ஒரு பெண் மற்றவர்களைவிட வேகமாக ஓடிவிட்டால் அதுவும் ஹார்மோன். விதி, கர்மம், பிறவிக்குணம் என்ற சொற்கள் முன்பு பார்த்துவந்த வேலையை இப்போது இந்த ஒரு சொல் பார்க்கிறது.

ஹார்மோன் என்பதே பொய் என்று நான் வாதிட வரவில்லை. அது ரத்தத்தில் ஓடுகிற, அளந்து பார்க்கக்கூடிய வேதிப்பொருள். சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் போடாவிட்டால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். என் கேள்வி வேறு. இந்த வேதிப்பொருள்களில் சிலவற்றுக்கு 'ஆண் ஹார்மோன்', 'பெண் ஹார்மோன்' என்று பெயர் வந்தது எப்படி? அந்தப் பெயரை வைத்துக்கொண்டு யார் யாரை என்ன செய்தார்கள்? பெயர் வைத்த கதையையும் அந்தப் பொருள் உடம்பில் வேலை செய்கிற விதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்பது தெரியவரும்.

2

கதை சேவல்களிலிருந்து தொடங்குகிறது. 1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்டோல்ட் என்ற உடலியலாளர் இளம் சேவல்களின் விதைகளை நீக்கிப் பார்த்தார். கொண்டை சுருங்கியது. கூவல் நின்றது. சண்டை போடவில்லை, பெட்டையைத் தேடவுமில்லை. காயடித்தால் இப்படி ஆகும் என்பது உலகத்து விவசாயிகள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். பெர்டோல்ட் செய்த புதுக்காரியம், எடுத்த விதையை சில சேவல்களின் வயிற்றுக்குள் திரும்ப ஒட்டவைத்தது. அந்தச் சேவல்கள் வழக்கம்போல் கூவித் திரிந்தன. அறுத்துப் பார்த்தபோது ஒட்டவைத்த விதைக்குப் புதிய ரத்தநாளங்கள் வந்திருந்தன, நரம்புத் தொடர்பு இல்லை. ஆக, உடம்பு முழுவதற்கும் சேதி சொல்வது நரம்பு மட்டுமல்ல, ரத்தமும்தான் என்று ஆனது. நாலு பக்கக் கட்டுரை. ஐம்பது வருஷம் அதை யாரும் சட்டை செய்யவில்லை.

1889இல் பாரிஸில், 72 வயதான பிரௌன்-செக்கார் நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைச் சாற்றைத் தன் உடம்பிலேயே ஊசி போட்டுக்கொண்டு, இளமை திரும்பிவிட்டது என்று அறிவித்தார். டெஸ்டோஸ்டிரோன் தண்ணீரில் அநேகமாகக் கரையாது. எனவே அந்தச் சாற்றில் சொல்லிக்கொள்கிற அளவு ஏதும் இருந்திருக்க வழியில்லை. கிழவருக்கு இளமை வந்தது நம்பிக்கையால். ஆனால் சந்தைக்கு அது போதுமானதாக இருந்தது. ஹார்மோன் என்ற சொல் பிறப்பதற்கு முன்பே 'ஆண்மை மருந்து' விற்பனைக்கு வந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1902இல் லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் செய்த சோதனைதான் திருப்புமுனை. ஒரு நாயின் சிறுகுடல் துண்டுக்குப் போகும் நரம்புகளை வெட்டிவிட்டு அதில் அமிலத்தை விட்டார்கள். நரம்பு இல்லாமலேயே கணையம் சுரந்தது. குடலின் உட்சுவரைச் சுரண்டி எடுத்த சாற்றை ரத்தத்தில் செலுத்தினாலும் சுரந்தது. அந்தப் பொருளுக்கு செக்ரெட்டின் என்று பெயரிட்டார்கள். 1905இல் ஸ்டார்லிங் இத்தகைய பொருள்களுக்கெல்லாம் பொதுப்பெயராக 'ஹார்மோன்' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். 'தூண்டிவிடுகிறேன்' என்று அர்த்தம் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது.

இதே ஆய்வுக்கூடத்தில்தான் 1903இல் பழுப்பு நாய் விவகாரமும் வெடித்தது. ஸ்வீடனைச் சேர்ந்த இரண்டு பெண்கள் மாணவிகளாகச் சேர்ந்து, உயிருள்ள நாயை அறுத்துக் காட்டிய வகுப்பை அம்பலப்படுத்தினார்கள். பேலிஸ் அவதூறு வழக்குப் போட்டு 2,000 பவுண்டு வாங்கினார். 1906இல் தொழிலாளர் பகுதியான பேட்டர்சீயில் அந்த நாய்க்குச் சிலை வைத்தார்கள். மருத்துவ மாணவர்கள் சிலையை உடைக்க வந்தபோது, தொழிற்சங்கக்காரர்களும் வாக்குரிமை கேட்ட பெண்களும் அதற்குக் காவல் நின்றார்கள். கத்திக்குக் கீழே கட்டிப்போடப்பட்ட உடம்பில் அந்தப் பெண்கள் தங்களைப் பார்த்தார்கள். அவர்கள் பார்வை தப்பில்லை என்பது பின்னால் தெரிந்தது.

3

இனி, இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். நமது பள்ளிப் பாடநூல்கள் 'நாளமில்லாச் சுரப்பிகள்' என்று சொல்லிக்கொடுத்தன. குழாய் கிடையாது, எனவே சுரந்தது நேரே ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போகிறது. போகிற அளவு மிக மிகச் சொற்பம். ஒரு மில்லி ரத்தத்தில் உள்ள ஈஸ்ட்ரோஜனை, கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் வருகிற துணுக்குகளில் சில பத்து, சில நூறு என்றுதான் எண்ண வேண்டும். எல்லா உறுப்பையும் அது தொட்டுப் போகிறது, ஆனால் எல்லா உறுப்பும் அதற்குப் பதில் சொல்வதில்லை. ஏன்?

1950களின் இறுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் கதிரியக்க அடையாளமிட்ட ஈஸ்ட்ரோஜனை எலிகளுக்குக் கொடுத்துப் பின்தொடர்ந்தார். கருப்பை அதைப் பிடித்து வைத்துக்கொண்டது, தசை விட்டுவிட்டது. பிடித்து வைப்பதற்கென்றே சில செல்களில் ஒரு புரதம் இருக்கிறது. ஏற்பி என்று அதைச் சொல்கிறோம். ஸ்டீராய்டு வகை ஹார்மோன் எண்ணெய்த்தன்மை கொண்டது. செல்லுக்குள் புகுந்து ஏற்பியோடு சேர்ந்து மரபணுக்கள் சிலவற்றை முடுக்குகிறது, சிலவற்றை அமர்த்துகிறது. விளைவு தெரிய மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஆகும். இன்சுலின் போன்றவை செல்லுக்குள் போவதில்லை. வாசலில் உள்ள ஏற்பியைத் தட்டிவிட்டு நின்றுவிடும், உள்ளே வேறு ஆட்கள் சேதியைக் கொண்டுபோவார்கள். நமக்குத் தெரிந்த சர்க்கரை நோயாளிகளில் பெரும்பாலோருக்கு ஆரம்பத்தில் இன்சுலின் குறைவதில்லை. செல்கள் அதற்குச் செவிசாய்ப்பதில்லை, அதுதான் பிரச்சினை.

இலக்கிய விமர்சனத்தில் நாம் ஓயாமல் பேசுகிற விஷயம்தான் இது. அர்த்தம் பிரதியில் மட்டும் இல்லை, வாசிப்பில் இருக்கிறது. ஹார்மோனும் அப்படியே. ரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்கிற எண், வந்து சேர்ந்த கடிதங்களின் எண்ணிக்கை. படித்தார்களா, படித்துவிட்டு என்ன செய்தார்கள் என்பதை அந்த எண் சொல்லாது.

இன்னொரு சங்கதி, ஹார்மோன் ராஜா கிடையாது. மூளையின் அடியிலுள்ள ஹைபோதலாமஸ் விட்டுவிட்டு ஒரு துடிப்பை அனுப்புகிறது. பிட்யூட்டரி அதைக் கேட்டு இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. விதையோ சூலகமோ அதைக் கேட்டுத் தன்னுடையதைச் சுரக்கிறது. அது போதுமான அளவு வந்ததும் மூளை துடிப்பைக் குறைத்துக்கொள்கிறது. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதவை மேலே வந்தால் குழாய் அடைபடுகிறதே, அந்த மாதிரி. பிட்யூட்டரி அனுப்புகிற அந்த இரண்டும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றேதான்.

4

இந்த இடத்தில்தான் பால் குறிக்கிற கதை நுழைகிறது. 1910களில் வியன்னாவில் யூஜென் ஸ்டைனாக், கினிப்பன்றிகளுக்கு விதையையும் சூலகத்தையும் மாற்றி மாற்றி ஒட்டவைத்து, இரண்டின் சுரப்புகளும் ஒன்றையொன்று பகைப்பவை, ஒன்று இருக்குமிடத்தில் மற்றொன்று தழைக்காது என்று முடிவு கட்டினார். பெண்கள் வாக்குரிமை கேட்டுத் தெருவில் நின்ற காலம் அது. ஆண்/பெண் என்கிற இருமை எதிர்வு தெருவில் ஆட்டம் கண்டபோது, ஆய்வுக்கூடத்தில் அதற்கு ரத்தசாட்சி கிடைத்தது.

அது நெடுநாள் தாங்கவில்லை. 1927இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கர் குழுவினர், ஆரோக்கியமான ஆண்களின் சிறுநீரில் 'பெண் ஹார்மோன்' இருப்பதைச் சொன்னார்கள். 1934இல், நாஜிகளால் பெர்லினிலிருந்து விரட்டப்பட்ட சோண்டெக், அது பொலிகுதிரையின் சிறுநீரில் ஏராளமாக இருப்பதைக் கண்டார். ஆண்மையின் உருவகமே அவர்கள் ஊரில் பொலிகுதிரைதான்! இடையில், 1932இல் சிகாகோவின் கார்ல் மூரும் டோரத்தி பிரைஸும் 'பகை' என்று எதுவும் கிடையாது என்று காட்டினார்கள். ஸ்டைனாக் பார்த்தது மேலே சொன்ன மிதவை ஏற்பாட்டைத்தான். வெளியிலிருந்து எந்த ஹார்மோனைக் கொடுத்தாலும் பிட்யூட்டரி அடங்கும், அது அடங்கினால் சொந்தச் சுரப்பியும் சுருங்கும்.

வேதியியல் இன்னும் ஒரு படி மேலே போனது. எல்லா ஸ்டீராய்டு ஹார்மோன்களும் கொலஸ்டிராலிலிருந்து செய்யப்படுபவை. டெஸ்டோஸ்டிரோனுக்கும் ஈஸ்ட்ரடையோலுக்கும் இடையில் ஒரு கார்பன் அணு, நாலு ஹைட்ரஜன் அணுக்கள்தான் வித்தியாசம். அதைவிட முக்கியம், ஈஸ்ட்ரடையோல் டெஸ்டோஸ்டிரோனிலிருந்துதான் உண்டாகிறது, பெண்ணின் சூலகத்திலும் அப்படித்தான். பெண்ணின் ரத்தத்தில் பெரும்பாலான நாட்களில் ஈஸ்ட்ரடையோலைவிட டெஸ்டோஸ்டிரோன்தான் எடையில் அதிகம். ஆணின் எலும்புக்கு ஈஸ்ட்ரோஜன் வேண்டும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி வேலை செய்யாத 28 வயது அமெரிக்க ஆண் ஒருவரைப் பற்றி 1994இல் எழுதினார்கள். அவருடைய எலும்பு முனைகள் மூடாமல் அந்த வயதிலும் அவர் வளர்ந்துகொண்டிருந்தார், எலும்போ மெலிந்து கிடந்தது.

இவ்வளவு தெரிந்தபிறகும் பெயரை ஏன் மாற்றவில்லை? நெல்லி அவுட்ஷோர்ன் என்ற டச்சு ஆய்வாளர் 1994இல் எழுதிய நூலில் இதற்குத் தரும் விடை எனக்குச் சரியாகப் படுகிறது. கச்சாப்பொருள் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள் என்கிறார். மகளிர் மருத்துவமனைகள் ஏற்கெனவே இருந்தன. பெண்ணுடம்பு அங்கே வரிசையில் நின்றது. கர்ப்பிணிகளின் சிறுநீர் எளிதாகக் கிடைத்தது. பிறகு கர்ப்பிணிக் குதிரைகளுடையதும் கிடைத்தது. 1942இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த பிரிமாரின் மாத்திரையின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். ஆணுக்கென்று அப்படியொரு மருத்துவமனை இல்லை. 1931இல் ஆண் ஹார்மோனைத் தேடிய புடேனான்ட், போலீஸ்காரர்களின் சிறுநீரை 15,000 லிட்டர் சேகரித்து அதிலிருந்து 15 மில்லிகிராம் ஆண்ட்ரோஸ்டிரோன் எடுத்தார். ஆண்மையின் சாரம் அரசின் லத்திக்காரனிடமிருந்து இறக்கப்பட்டது என்பதில் உள்ள நகைச்சுவையை வாசகர்கள் ரசிக்கலாம்.

நிறுவனம் இருந்த இடத்தில் ஆராய்ச்சி வளர்ந்தது, ஆராய்ச்சி வளர்ந்த இடத்தில் மருந்து வந்தது. எனவே ஹார்மோன் மருந்தெல்லாம் பெண்ணுடம்பின்மேல் இறங்கியது. 1956இல் போர்ட்டோ ரிக்கோவின் ரியோ பியத்ராஸ் குடியிருப்பில் ஏழைப்பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். பின்னாளைய மாத்திரைகளைப்போலப் பல மடங்கு வீரியம். 17 சதவீதப் பெண்களுக்குத் தலைசுற்றல், குமட்டல், தலைவலி என்று அங்கிருந்த டாக்டர் எடிரிஸ் ரைஸ்-ரே அறிக்கை கொடுத்தார். ஆய்வை நடத்திய பின்கஸ் அதைப் பெண்களின் மனப்பிரமை என்று ஒதுக்கினார். 1985இல் ஆந்திராவின் பட்டஞ்செருவில் நெட்-என் ஊசிச் சோதனை நடந்தபோது, இது சோதனைதான் என்று அந்தப் பெண்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. ஸ்திரீ சக்தி சங்கடனா உள்ளிட்டோர் 1986இல் உச்ச நீதிமன்றம் போனார்கள். அந்த மாத்திரைகள் கோடிக்கணக்கான பெண்களுக்குச் சுதந்திரம் தந்தன என்பதை நான் மறுக்கவில்லை. யார் உடம்பில் சோதித்து யாருக்குச் சுதந்திரம் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்கிறேன்.

5

பெயர் வைத்தவுடன் அடுத்தது திருத்துகிற வேலை. 1944இல் புகென்வால்ட் வதைமுகாமில், வார்னெட் என்ற டேனிஷ் டாக்டர், ஒருபால் உறவுக்காக அடைக்கப்பட்ட கைதிகளின் உடம்பில் ஆண் ஹார்மோன் குப்பியைப் புதைத்தார். ஆண்மை குறைந்ததால்தான் இப்படி ஆகிவிட்டார்கள், ஊற்றினால் சரியாகிவிடும் என்பது கணக்கு. போர் முடிந்தபின் அவர் அர்ஜென்டினாவுக்குத் தப்பிவிட்டார். விசாரணையே இல்லை. எட்டு வருஷம் கழித்து, 1952இல், நாஜிகளைத் தோற்கடித்த இங்கிலாந்தில், நாஜிகளின் சங்கேதத்தை உடைத்த ஆலன் டூரிங்கிடம் அதே 'குற்றத்துக்காக' சிறையா ஹார்மோனா என்று கேட்டார்கள். ஒரு வருஷம் அவருக்குப் பெண் ஹார்மோன் கொடுக்கப்பட்டது. மார்பு வளர்ந்தது. 1954இல் சயனைடால் இறந்தார். 2013இல் அரச மன்னிப்பு கொடுத்தார்கள், மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள்.

ஒரே நடத்தைக்கு ஓரிடத்தில் ஆண் ஹார்மோன், இன்னோரிடத்தில் பெண் ஹார்மோன். அறிவியல் என்றால் இரண்டும் சரியாக இருக்க முடியாது. தண்டனை என்று எடுத்துக்கொண்டால் இரண்டும் பொருந்துகின்றன.

6

இன்று இந்தக் கதை ஓட்டப்பந்தயத்தின் தடத்தில் நடக்கிறது. 1966இல் புடாபெஸ்ட் ஐரோப்பியப் போட்டியில் பெண் வீரர்கள் டாக்டர்கள் முன்னால் அம்மணமாக நடந்து தாங்கள் பெண்கள் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அது கன்னத்திசுவில் குரோமோசோம் சோதனையாக நாகரிகமடைந்தது. 1985இல் ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா மார்த்தினஸ் பத்தினோவுக்கு ஒய் குரோமோசோம் இருப்பதாகச் சொன்னார்கள். பட்டமும் உதவித்தொகையும் போயின. அவர் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் இருந்தது, அதைக் கேட்கிற ஏற்பி இல்லை. கடிதம் வந்து குவிந்திருந்தது, படிக்க ஆளில்லை. மூன்று வருஷம் போராடி 1988இல் திரும்பி வந்தார். 1996 அட்லாண்டாவில் 3,387 பெண்களைச் சோதித்ததில் எட்டுப் பேருக்கு ஒய் சார்ந்த மரபணு தென்பட்டது, எட்டுப் பேரையும் ஓடவிட்டார்கள். 1999இல் ஒலிம்பிக் குழு எல்லோருக்குமான சோதனையைக் கைவிட்டது. சந்தேகப்பட்டவர்களை மட்டும் சோதிக்கலாம் என்று ஆனது. யார்மேல் சந்தேகம் வரும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2006 டிசம்பர், தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டி. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். செங்கல் சூளையில் வேலை பார்த்த தலித் குடும்பத்துப் பெண். சோதனை செய்தார்கள், 'தேறவில்லை' என்றார்கள், பதக்கத்தைப் பறித்தார்கள். ஒருவருடைய உடம்பின் அந்தரங்கமான மருத்துவச் சேதி ஊருக்கெல்லாம் செய்தியானது. 2012இல் அவர் செங்கல் சூளையில் கூலி வேலை செய்வதாகப் பத்திரிகைகள் எழுதின. நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கிடைக்க 2016 ஆனது. பதக்கம் இன்னும் திரும்பவில்லை. 'ஆளைப் பார்த்தாலே தெரியலையா' என்று அப்போது டீக்கடையிலும் பேசினார்கள், படித்தவர்களும் பேசினார்கள். கறுத்த, உழைத்த, மார்பு தட்டையான ஒரு பெண்ணுடம்பைப் பார்த்தவுடன் பெண்ணல்ல என்று தோன்றுகிற அந்தக் கண் எங்கே தயாரானது? எந்தச் சாதியின் அழகியல் அதற்கு மைதீட்டியது? இதை நாம் அன்றே கேட்டிருக்க வேண்டும்.

2011இல் சர்வதேசத் தடகளச் சம்மேளனம் எல்லைக்கோட்டை ஹார்மோன் அளவுக்கு மாற்றியது. லிட்டருக்கு 10 நானோமோல் டெஸ்டோஸ்டிரோன். ஒடிசாவின் துத்தி சந்த் எதிர்த்து வழக்காடினார். 2015இல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அந்த விதியை நிறுத்திவைத்தது. 2018இல் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா ஓடுகிற தூரங்களுக்கு மட்டும் கோடு 5 ஆனது. 2019இல் அதே நீதிமன்றம், இது பாகுபாடுதான், ஆனால் தேவையான பாகுபாடு என்று 2-1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்புச் சொன்னது. 2021இல், விதிக்கு ஆதாரமான ஆய்வை எழுதியவர்களே, தங்கள் புள்ளிகள் காரண-காரியத்தை நிரூபிக்கவில்லை என்று திருத்தம் வெளியிட்டார்கள். 2023இல் கோடு 2.5க்கு இறங்கியது. 2025 ஜூலையில் செமன்யாவுக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கூறியது. அதே 2025 செப்டம்பரிலிருந்து உலகத் தடகள அமைப்பு மறுபடி மரபணுச் சோதனைக்கே திரும்பிவிட்டது. அம்மணம், குரோமோசோம், ஹார்மோன், மரபணு. கோடு எங்கே என்பது மாறிக்கொண்டே இருக்கிறது. கோடு வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

டெஸ்டோஸ்டிரோன் வேலையே செய்யாது என்று நாம் சொன்னால் அது இன்னொரு பொய்யாகும். பருவ வயதில் அது தசையையும் ரத்தச் சிவப்பணுவையும் கூட்டுகிறது. முதல்தர ஓட்டத்தில் ஆண்கள் பெண்களைவிட ஏறத்தாழப் பத்து சதவீதம் வேகம் என்பதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. பெண்களுக்குத் தனிப்போட்டி வேண்டும் என்று கேட்பவர்களின் கவலையும் நியாயமானது. ஆனால் 2014இல் 693 முதல்தர வீரர்களைப் போட்டி முடிந்தவுடன் அளந்த ஆய்வில், ஆண்களில் 16.5 சதவீதம் பேருக்கு அளவு 'ஆண் எல்லை'க்குக் கீழே இருந்தது, பெண்களில் 13.7 சதவீதம் பேருக்கு 'பெண் எல்லை'க்கு மேலே. அந்த ஆண்களை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை.

இன்னொரு ஆளைச் சொல்கிறேன். பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஏரோ மேன்டிரான்டா, 1960களில் மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றவர். சிவப்பணுக்களைப் பெருக்குகிற எரித்ரோபோயட்டின் என்ற ஹார்மோனின் ஏற்பி அவர் குடும்பத்தில் பிறவியிலேயே மிகையாக வேலை செய்கிறது என்று 1993இல் கண்டுபிடித்தார்கள். அதாவது ஹார்மோன் வழி வந்த, சாதாரணர்களுக்குக் கிடைக்காத அனுகூலம். அதைக் கண்டுபிடித்த குழுவில் இருந்த ஆல்பர்ட் டி லா ஷபேல் என்ற மரபியலாளர்தான் பத்தினோவுக்காக வாதாடியவரும். மேன்டிரான்டாவின் உடம்பை இயற்கையின் கொடை என்றார்கள். பெண்ணுக்கு வந்தால் அதுவே கோளாறு.

7

ஹார்மோன் காரணம், நடத்தை காரியம் என்ற ஒருவழிப் பாதையும் தகர்ந்துவிட்டது. பிலிப்பைன்ஸின் செபு பகுதியில் 2005 முதல் 2009 வரை 624 இளம் ஆண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. தகப்பனானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கணிசமாகக் குறைந்தது. அவர்களிலும் தினமும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ பிள்ளையைக் கவனித்தவர்களுக்குத்தான் மிகக் குறைவு. பிள்ளையைத் தூக்கச் சொன்னால் 'அது நம்ம இயற்கையிலயே இல்ல' என்கிற ஆண் தோழர்களின் கவனத்துக்கு இதைக் கொண்டுவர விரும்புகிறேன். பிள்ளையைத் தூக்கினால் இயற்கை மாறும். வேலைப் பிரிவினையும் ரத்தத்தில் எழுதுகிறது.

2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இடைப்பால் குழந்தைகளுக்குச் செய்யப்படும் 'சரிப்படுத்தும்' அறுவை சிகிச்சைகளைத் தடை செய்ய உத்தரவிட்டது. அதே ஆகஸ்டில் தமிழக அரசு அரசாணை போட்டது. உயிராபத்து இருந்தால் மட்டும் விலக்கு. இந்தியாவிலேயே முதன்முதலில் இங்குதான். ஆனால் அரசாணை அறுவை அறையின் கதவோடு நின்றுவிடுகிறது. பள்ளிப் பாடநூலில் ஆண் ஹார்மோன், பெண் ஹார்மோன் என்று இரண்டு பத்தியாக எழுதி மனப்பாடம் செய்யவைக்கிறவரை, அடுத்த சாந்தியைப் பார்க்கப்போகும் கண் அங்கே தயாராகிக்கொண்டுதான் இருக்கும். பாடநூல் எழுதுகிற ஆசிரியர்களும் விளையாட்டுச் செய்தி எழுதுகிற நண்பர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தச் சொற்களிலிருந்து தொடங்கலாம். சாந்தியின் பதக்கத்தைத் திரும்பக் கேட்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.